272 கோடுகளுக்குள் ஒரு படம்

கைக்கருவியில் ஓட வைப்பதற்காக வீடியோவைக் கன்வெர்ட் செய்கிறவர்களில் பெரும்பாலோர் மூலக் கோப்பிலிருந்துதான் வேலையைத் தொடங்குகிறார்கள். கையில் ஒரு டிவிடி இருக்கிறது; அதை எவ்வளவு சுருக்கலாம், எவ்வளவு தரத்தைத் தக்கவைக்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். இந்த வேலையில் பழகியதில் என் முடிவு இதற்கு நேர் எதிர். முதலில் திரையைப் பார்க்க வேண்டும். அடுத்து, திரைக்குப் பின்னால் இருக்கும் டிகோடர் எதை ஏற்கும், எதை மறுக்கும் என்று பார்க்க வேண்டும். படம் எங்கே உட்கார்ந்து, எந்த இயர்போனில் பார்க்கப்படும் என்பதையும் யோசித்துவிட வேண்டும். மூலக் கோப்பின் முறை அதற்குப் பிறகு. ஒரு ஃபிரேமைச் செதுக்கக் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கைக்கருவிக்கு இருப்பதோ நொடியில் இருபத்து நான்கில் ஒரு பங்கு. ஆகவே கம்ப்யூட்டரில் முடிக்கக்கூடிய எந்த வேலையையும் கருவியின் தலையில் கட்டக்கூடாது. இந்த வாதத்துக்கு சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவியான பிஎஸ்பியைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. அதன் வரம்புகள் அத்தனை கறாரானவை, அத்தனை தெளிவானவை.

2004 டிசம்பர் 12-இல் ஜப்பானில் வெளியான கருவி அது. வட அமெரிக்காவுக்கு 2005 மார்ச்சில் வந்தது. 4.3 அங்குலத் திரை, அதில் 480×272 பிக்சல். உள்ளே அதிகபட்சம் 333 மெகாஹெர்ட்ஸில் ஓடும் பிராசசர், முதல் மாடலில் 32 எம்பி ரேம். இவ்வளவு சிறிய பிராசசர் ஹெச்.264 வீடியோவைத் தடங்கலின்றி ஓட்டியதற்குக் காரணம், அந்த வேலையை மீடியா எஞ்சின் என்ற தனிப் பகுதி ஹார்ட்வேரிலேயே செய்தது. ஹார்ட்வேர் டிகோடரின் பலமும் பிடிவாதமும் ஒன்றுதான்: சிப்பில் வடித்துவைத்ததை அது சிரமமில்லாமல் செய்யும், வடிக்காததைத் தொடவே தொடாது. ஹெச்.264-இல் புரொஃபைல் எனப்படும் வசதி அடுக்குகளில் மெயின்வரை பிஎஸ்பிக்குத் தெரியும். எக்ஸ்264 என்கோடரை அதன் போக்கில் விட்டால் ஹை புரொஃபைலில் எழுதும். அதில் வரும் 8×8 டிரான்ஸ்ஃபார்ம் மெயினில் கிடையாது. அந்த ஓர் அமைப்பை மாற்ற மறந்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும், ஆதரிக்கப்படாத தரவு என்று ஒரு வரி மட்டும் திரையில் வரும். எம்பி4 கோப்பிலும் அதற்கென்று தனி எதிர்பார்ப்பு இருந்தது. வீடியோவின் புரொஃபைல் விவரங்களைச் சொல்லும் ஒரு சிறு பகுதி கோப்புக்குள் இருக்க வேண்டும். கன்வெர்ட் செய்யும் மென்பொருளான எஃப்எஃப்எம்பெக்கில் இதற்காகவே 'பிஎஸ்பி' என்ற பெயரில் ஒரு தனி எம்பி4 வகை உண்டு. தொடக்கத்தில் ஃபோல்டரின் பெயரும் கோப்பின் பெயரும்கூட சோனி சொன்ன எழுத்து-எண் முறையில்தான் இருந்தாக வேண்டும். 2006-இல் 2.80 ஃபர்ம்வேர் வந்த பிறகுதான் 'வீடியோ' என்ற ஃபோல்டரில் விருப்பமான பெயரில் போட முடிந்தது.

இன்னொரு வரம்பு இதைவிட முக்கியமானது. மெமரி ஸ்டிக் கார்டிலிருந்து ஓடும் வீடியோவில் ஒரு ஃபிரேமுக்கு 76,800 பிக்சலுக்கு மேல் இருக்கக்கூடாது, அதாவது 320×240. திரையோ 1,30,560 பிக்சல் கொண்டது. பிஎஸ்பிக்குரிய யூஎம்டி தட்டில் விற்ற படங்களுக்கு இந்தத் தடை இல்லை என்பதால், இது டிகோடரின் இயலாமை ஆகாது, நிறுவனம் போட்ட வேலிதான் என்று அன்றே எல்லோருக்கும் புரிந்திருந்தது. அந்த வேலிக்குள் நின்று அந்நாளைய கன்வெர்ட்டர்கள் கண்டுபிடித்த அளவைப் பாருங்கள்: 368×208. பெருக்கினால் 76,544, வரம்புக்கு 256 பிக்சல் மட்டும் குறைவு. அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 16:9. இரண்டு எண்களும் பதினாறால் மீதமின்றி வகுபடும். படம் எந்தத் தரத்தில் வந்தது என்று பார்த்து இந்த எண்ணுக்கு யாராலும் வந்திருக்க முடியாது. கருவி என்ன ஏற்கும் என்பதிலிருந்து பின்னோக்கி நடந்தால்தான் இது கிடைக்கும். 2007-இல் 3.30 ஃபர்ம்வேர் வேலியை விலக்கியபோது 720×480, 352×480, 480×272 என்ற மூன்று அளவுகளுக்கும் மெயின் புரொஃபைலில் அனுமதி கிடைத்தது.

பதினாறால் வகுபடுவதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஹெச்.264 ஒரு ஃபிரேமை 16×16 பிக்சல் கட்டங்களாக வெட்டித்தான் வேலை செய்கிறது. மேக்ரோபிளாக் என்பது அந்தக் கட்டத்தின் பெயர். 480×272 திரையில் குறுக்கே 30 கட்டம், நெடுக்கே 17 கட்டம். இப்போது சினிமாஸ்கோப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தமிழில் 1973-இல் 'ராஜராஜ சோழன்' படத்தோடு வந்த அந்த அகலம் பின்னாளில் நம் படங்களுக்குப் பெருவழக்காகிவிட்டதால், தமிழ்ப் படம் மாற்றுகிறவர் எல்லோரும் சந்திக்கும் கணக்கு இது. விகிதம் 2.35. 480 பிக்சல் அகலத்துக்கு உயரம் 204 கோடு. மேலும் கீழும் தலா 34 கோடு கறுப்பு. கன்வெர்ட்டர் மென்பொருள்கள் இப்படித்தான் செய்யும், பார்வைக்கும் சரியாகவே தெரியும். ஆனால் 34 பதினாறால் வகுபடாது. கறுப்புப் பட்டையின் கடைசி இரண்டு கோடும் படத்தின் முதல் 14 கோடும் ஒரே கட்டத்துக்குள் விழுகின்றன. கறுப்பிலிருந்து படத்துக்குத் தாவும் அந்தக் கூர்மையான விளிம்பை, குறுக்கே 30 கட்டத்திலும், மேலேயும் கீழேயுமாக, என்கோடர் படம் முழுக்கச் சுமந்துகொண்டே போக வேண்டும். கேமரா நகரும்போதெல்லாம் அந்தக் கட்டங்களுக்குள் படம் நகரும், கறுப்பு நகராது. முந்தைய ஃபிரேமிலிருந்து ஊகித்து எழுதும் வித்தை அங்கே பலிக்காது. விளிம்பை ஒட்டிக் கொசுக் கூட்டம்போல் ஒரு நடுக்கம் தெரியும்.

படத்தை 208 கோடாக எடுத்துக்கொண்டால் நிலைமை மாறிவிடுகிறது. அதற்குரிய முழு அகலம் 489 பிக்சல் அளவில் வரும். இடப்பக்கமும் வலப்பக்கமும் தலா நான்கைந்து பிக்சலை வெட்டிவிட்டால் 480. மேலே 32 கோடு, கீழே 32 கோடு கறுப்பு. கட்டக் கணக்கில் 2, 13, 2. கூட்டினால் சரியாக 17. கறுப்புக் கட்டங்கள் முழுக் கறுப்பு. 'முந்தைய ஃபிரேமில் இருந்ததேதான்' என்று ஒரு குறிப்போடு என்கோடர் அவற்றைத் தாண்டிவிடும், ஏறக்குறையச் செலவே இல்லை. மிச்சமாகும் பிட்டெல்லாம் நடிகரின் முகத்துக்குப் போகும். படத்தின் ஓரத்தில் நான்கு பிக்சலை வெட்டுவது இயக்குநருக்குச் செய்யும் துரோகம் இல்லையா என்றால், இரண்டு சதவீதத்துக்கும் குறைவான அந்த ஓரத்தைப் பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள் ஓவர்ஸ்கேனில் இதைவிடத் தாராளமாக விழுங்கின என்பது என் பதில். கறுப்புப் பட்டையே வேண்டாம், திரையை நிரப்பித் தா என்று கேட்பவர்களிடம்தான் நான் உடன்பட மறுப்பேன். ஸ்கோப் படத்தை இந்தத் திரைக்கு நிரப்பினால் அகலத்தில் கால்பங்கு போய்விடும். ஒரு முனையில் ஒருவரும் மறுமுனையில் இன்னொருவரும் நின்று பேசும் காட்சியில், பேசுகிறவர் யாரென்றே தெரியாமல் போகும்.

இந்த வாதத்துக்கு வரும் மறுப்புகளில் கனமானது 720×480 பற்றியது. யூஎம்டி வீடியோவே அந்த அளவில்தான் வந்தது, ஃபர்ம்வேரும் அனுமதித்துவிட்டது, பிறகு எதற்குக் குறைந்த பிக்சலில் மாற்ற வேண்டும், பிக்சல் கூடினால் தரமும் கூடாதா என்பார்கள். நியாயமான கேள்வி; எண்களை வைத்தே பதில் சொல்லலாம். யூஎம்டியின் கொள்ளளவு 1.8 ஜிபி. இரண்டு மணி நேரப் படத்துக்கு அதைப் பங்கிட்டால் நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் பிட் கிடைக்கும். 1 ஜிபி மெமரி ஸ்டிக்கில் அதே படத்தை வைக்க வேண்டுமானால் வீடியோவுக்கு 768 கிலோபிட், ஒலிக்கு 96 கிலோபிட் என்பது வசதியான பங்கீடு. கோப்பு 780 எம்பி அளவில் முடியும். அந்த 768 கிலோபிட்டை 480×272-க்குச் செலவிட்டால் பிக்சலுக்குக் கால் பிட் வரும். 720×480-க்குப் பரப்பினால் பிக்சலுக்கு 0.09 பிட்தான். பிக்சல் எண்ணிக்கை 2.65 மடங்கு, காசு அதே காசு. ஆட்டம் பாட்டம், மழை, கூட்டம் என்று வரும்போது அந்தக் கோப்பு கட்டம் கட்டமாக உடையும். அதையும் முழு அளவில் பார்க்க வழியில்லை, திரை 480-தான். உடைந்த படத்தைக் கருவி அவசர அவசரமாகச் சுருக்கிக் காட்டும். கம்ப்யூட்டரிலோ லான்சோஸ் போன்ற நிதானமான வடிகட்டியைக் கொண்டு ஒவ்வொரு பிக்சலையும் அதன் சுற்றத்தோடு எடைபோட்டுச் சுருக்க முடியும். சுருங்கும்போதே ஃபிலிமின் மணல்போன்ற இரைச்சலும் சராசரியில் கரைந்து, என்கோடருக்குச் சுமை குறையும். 720×480 பொருந்தும் இடம் ஒன்று உண்டு. 2007-இல் வந்த பிஎஸ்பி-2000-இல் டிவிக்கு இணைக்கும் கேபிள் வசதி சேர்ந்தது. டிவியில் போட்டுப் பார்ப்பதற்கென்றே மாற்றுகிறவருக்கு அந்த அளவுதான் சரி. அங்கேயும் முடிவு செய்தது திரைதான்.

இரண்டாவது மறுப்பு எதிர்த் திசையிலிருந்து வரும்: இத்தனூண்டு திரையில் யாருக்கு என்ன தெரியப் போகிறது, இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? இதுவும் கணக்கில் நிற்காது. 4.3 அங்குலத் திரையின் அகலம் ஒன்பதரை சென்டிமீட்டர். அதை முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்துப் பார்க்கிறோம். கண்ணில் அது 18 டிகிரி கோணத்தை அடைக்கிறது. கூடத்தில் இருக்கும் 32 அங்குல டிவியை இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்த்தால் 16 டிகிரிதான். கண்ணைப் பொறுத்தவரை கைக்கருவி டிவியைவிடப் பெரிய திரை. நல்ல கண்பார்வைக்கு ஒரு டிகிரிக்கு அறுபது பிக்சல்வரை பிரித்தறிய முடியும் என்பார்கள். பிஎஸ்பி தருவது 27. ஒவ்வொரு பிக்சலும் கண்ணுக்குத் தெரியும் திரை இது. பிழைக்கு ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

வேலையின் வரிசையைத் தீர்மானிப்பதும் பிழை ஒளிய இடமில்லாத இந்தத் திரைதான். டிவிடியில் இருக்கும் வீடியோ பல சமயம் இன்டர்லேஸ் ஆனது: ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு நேரத்தையும் இரட்டைப்படைக் கோடுகள் இன்னொரு நேரத்தையும் சேர்ந்தவை, ஒவ்வொரு தொகுதியும் ஒரு ஃபீல்டு. அதைப் பிரித்துச் சீர்செய்யாமல் உயரத்தைச் சுருக்கிவிட்டால் இரண்டு நேரங்களும் கலந்து, அசையும் கையைச் சுற்றி ஒரு பேய்நிழல் நிரந்தரமாகப் படிந்துவிடும். சுருக்கிய பிறகு அதைப் பிரிக்க எந்த மென்பொருளாலும் ஆகாது. ஆகவே முதலில் இன்டர்லேஸைத் தீர்க்க வேண்டும், பிறகு ஓரம் வெட்ட வேண்டும், அதன்பின் அளவைக் குறைக்க வேண்டும், கடைசியில் என்கோட். நொடிக்கு 24 ஃபிரேமாக எடுத்த படத்தை என்டிஎஸ்சி டிவிடிக்காக 3:2 கணக்கில் ஃபீல்டுகளை மீண்டும் மீண்டும் போட்டு நீட்டியிருப்பார்கள். அந்த உபரியைக் களைந்து 23.976-க்குத் திரும்ப வேண்டும். அப்படியே 29.97-இல் விட்டால் இல்லாத அசைவுக்கு ஐந்தில் ஒரு ஃபிரேம் வீண். பிஎஸ்பியின் திரை நொடிக்கு ஏறத்தாழ அறுபது முறை புதுப்பிக்கப்படுவதால், 3:2 தாளத்தை அதுவே பிட் எதுவும் செலவில்லாமல் போட்டுக்கொள்ளும். நம் ஊர்க் கல்யாண வீடியோக்கள் வேறு வகை. பால் (PAL) முறைக் கேம்கார்டரில் 720×576 அளவில், நொடிக்கு 50 ஃபீல்டாக எடுத்தவை அவை. 4:3 படத்தை இந்தத் திரையில் வைக்க, இருபுறமும் 64 பிக்சல் கறுப்பு விட்டு நடுவே 352 பிக்சல் என்று வகுத்தால் கட்டக் கணக்கு 4, 22, 4 என்று அமைந்துவிடும். டேப்பின் ஓரங்களில் எப்படியும் படமில்லாத பிக்சல்கள் இருப்பதால் அங்கே வெட்டுவதில் இழப்பும் இல்லை.

ஒலியை யாரும் கவனிப்பதில்லை. எனக்கு இதில்தான் அதிக வருத்தம். தியேட்டருக்காகக் கலந்த 5.1 ஒலியில் வசனம் நடுச் சேனலில் இருக்கிறது. அலட்சியமான கன்வெர்ஷன் இடது, வலது சேனல்களை மட்டும் எடுத்துக்கொள்ளும். இசை கேட்கும், பேச்சு எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வரும். முறைப்படி ஆறு சேனலையும் இரண்டாகக் கலந்தாலும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது: உச்சத்தில் ஒலி உடையாமலிருக்க மென்பொருள் மொத்த அளவையும் தாழ்த்திவிடும். வெடிச் சத்தத்துக்கும் முணுமுணுப்புக்கும் உள்ள தூரம் தியேட்டரில் அழகு. ஓடும் பஸ்ஸில் முணுமுணுப்பு எஞ்சின் சத்தத்தோடு போய்விடும். இந்தத் தூரத்தைச் சுருக்கி, வசனத்தை மேலே தூக்கிவிடுவது அவசியம். கலைஞர்களின் கலவையில் கைவைக்க நாம் யார் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, அந்தக் கலவை ஒரு பெரிய அமைதியான அறைக்காகச் செய்யப்பட்டது என்பதே. இங்கே அறை மாறிவிட்டது. நடிகர் சொன்னது கேட்கிறவர் காதில் விழ வேண்டும் என்பதுதான் அவர்களும் விரும்பியது. மாற்றப்போவது நகலில்தான், மூலத்தில் அல்லவே.

சப்டைட்டில் விஷயமும் இதே பாட்டுதான். பிஎஸ்பியோடு வரும் பிளேயர் தனிக் கோப்பாக இருக்கும் சப்டைட்டிலைப் படிக்காது. படத்தின் மீதே பதித்துத்தான் தர வேண்டும். டிவிடியில் வரும் சப்டைட்டில் எழுத்து இல்லை, 720 பிக்சல் அகலத்துக்கு வரைந்த படம். அதோடு சேர்த்துச் சுருக்கினால் எழுத்தின் கால்கள் நைந்துபோகும். முதலில் படத்தைச் சுருக்கிவிட்டு, அதன்மேல் அந்த 480 பிக்சலுக்கு உரிய அளவில் எழுத்தைப் புதிதாக எழுத வேண்டும். தமிழுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். 'ண', 'ணை', 'ஞ' போன்ற எழுத்துகளின் சுழிகளுக்குள் ஒரு பிக்சலாவது வெளிச்சம் இருந்தால்தான் படிக்க முடியும். எழுதும் மென்பொருள் இந்திய எழுத்துகளை அடுக்கத் தெரிந்ததாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எஃப்எஃப்எம்பெக் பயன்படுத்தும் லிப்ஆஸ் நூலகம் இதைச் சரியாகச் செய்கிறது.

இதற்கெல்லாம் ஆயத்த அமைப்புகள் இருக்கின்றனவே, ஒரு பட்டனை அழுத்தினால் போதாதா என்பது மூன்றாவது மறுப்பு. சோனியின் இமேஜ் கன்வெர்ட்டர், பிஎஸ்பி வீடியோ 9, பின்னாளில் ஹேண்ட்பிரேக் என்று நல்ல கருவிகள் வந்தன. அவை இல்லையென்றால் பல லட்சம் பேர் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். கருவி எதை ஏற்கும் என்ற பாதியை அவை சரியாகவே முடித்துவிடும். படத்தைக் கண்ணால் பார்க்க வேண்டிய பாதி நம்முடையதாகவே இருக்கும். ஒரே பிட்ரேட்டில் இருவர் மட்டும் பேசும் நாடகத்தையும் மழைச் சண்டைக் காட்சிகள் நிறைந்த படத்தையும் மாற்றினால், முதலாவதில் பிட் மிஞ்சும், இரண்டாவதில் படம் உடையும். கார்டில் இவ்வளவு இடம்தான் என்றால் இரண்டு சுற்று என்கோடிங்: முதல் சுற்றில் எந்தக் காட்சிக்கு எவ்வளவு தேவை என்று அளந்து, இரண்டாவதில் பங்கிடுவது. இடம் தாராளமாக இருந்தால் தரத்தை ஒரு எண்ணில் நிறுத்திவிட்டு அளவை அதன் போக்கில் விடலாம். முதல் பிஎஸ்பியோடு கொடுத்த 32 எம்பி கார்டில் மேலே சொன்ன கணக்குப்படி ஐந்து நிமிடப் படம்தான் கொள்ளும். 32 ஜிபி கார்டு வைத்திருப்பவருக்கு இரண்டு சுற்று ஓட்டத் தேவையே இல்லை. எந்த ஆயத்த அமைப்புக்கும் கையில் இருக்கும் கார்டு எதுவென்று தெரியாது.

இன்றைய கருவிகள் எதையும் ஓட்டுமே, இந்த வேலை காலாவதி ஆகிவிடவில்லையா என்று கேட்டால், சிலவற்றுக்கு ஆம். 1280×800 திரை கொண்ட ஸ்டீம் டெக்குக்கு 1080பி கோப்பை அப்படியே கொடுத்துவிடலாம். அங்கே கன்வெர்ட் செய்வது நேர விரயம், தரத்துக்கும் இழப்பு. ஆனால் பழைய விளையாட்டுகளுக்கென்று மலிவாக வந்த மியூ மினி போன்றவற்றில் 2.8 அங்குலத் திரை, 640×480 பிக்சல், எளிய பிராசசர். அதில் 10 பிட் ஹெச்இவிசி கோப்பைப் போட்டால் படம் திணறும். 640-ஐயும் 480-ஐயும் பதினாறால் வகுத்தால் 40, 30. கட்டங்கள் மறுபடி ஒழுங்காக அமைகின்றன, கணக்கு அதேதான். கோப்புக்குள் இருக்கும் வீடியோ ஏற்கெனவே கருவிக்குப் பொருந்தி, உறை மட்டும் எம்கேவியாக இருந்தால் உறையை மாற்றினால் போதும். சில நொடி வேலை, ஒரு பிட்கூட மாறாது. மீண்டும் என்கோட் செய்ய வேண்டியிருந்தால் மூலத்திலிருந்துதான் செய்ய வேண்டும். முன்பு மாற்றிய கோப்பிலிருந்து செய்தால் ஒவ்வொரு முறையும் இழப்பின்மேல் இழப்பு. 2005-இல் 320×240-க்கு மாற்றி வைத்த கோப்பால் மியூ மினியின் திரையில் கால்பங்குப் பிக்சலைத்தான் நிரப்ப முடியும். மூலக் கோப்பின் பக்கத்திலேயே ஒரு டெக்ஸ்ட் கோப்பில், ஓடவிட்ட முழுக் கட்டளையையும் நான் எழுதி வைப்பது இதனால்தான். மூலத்தின் ஓரத்தில் படமில்லாத பிக்சலை எவ்வளவு வெட்டியது, ஃபீல்டுகளை எந்த வரிசையில் பிரித்தது, வசனத்தை எவ்வளவு தூக்கியது என்பவை அந்தப் படத்துக்கு உரியவை, எந்தக் கருவிக்கும் மாறாதவை. புதுத் திரை வரும்போது அந்தக் கட்டளையில் அளவு, புரொஃபைல், பிட்ரேட் மூன்றையும் திருத்தினால் வேலை முடிந்தது.